பதினான்கு நாள்

செரஸ் பள்ளத்தாக்கில்
மருந்தடித்த பேரிக்காய் வரிசைக்குச்
சிவப்புப் பலகை மாட்டுவார்கள்.
மண்டையோடு, மருந்தின் பெயர், அடித்த தேதி,
பதினான்கு நாளைக்குப் பறிக்கக் கூடாது.
மேற்பார்வை லாட்டகன் அதை
ஆஃப்ரிகான்ஸில் ஒருமுறை, கோசாவில் ஒருமுறை
உரக்க வாசிப்பார்.
புரிந்ததா என்பார்.
புரிந்ததென்று கையெழுத்திடுவோம்.
எழுத வராத சன்னா கட்டைவிரலை உருட்டுவாள்.

புதன்கிழமை வெள்ளை வேன் வரும்.
பெட்டி அடுக்கும் கொட்டகைக்குப் பின்னால் நிற்கும்,
இஞ்சினை அணைக்க மாட்டார்கள்.
வரிசையில் நிற்கும்போதே
ஒரு கையைச் சட்டையிலிருந்து உருவிக்கொள்ள வேண்டும்,
நேரம் மிச்சம்.
அப்பொல்லிஸ், என்று அட்டையைப் பார்த்துக் கூப்பிடுவான் டிரைவர்.
பஞ்சு. ஜில்லென்று ஒரு வட்டம். ஊசி.
"மூன்று மாதம்" என்பாள் சிஸ்டர் ஸ்வார்ட்.

ஏழு வருஷத்தில் அவள் என்னிடம் பேசிய சொற்கள்
இந்த இரண்டுதான்,
இருபத்தெட்டு தடவை.

கெட்டவள் இல்லை.
வலிக்காமல் குத்துவாள்.
கிறிஸ்துமஸ் வாரம் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொண்டுவருவாள்,
பச்சைத் தாள் சுற்றியது.

முதல் வருஷமே உதிரம் நின்றுபோனது.
நல்லதுதானே, துணிக் காசு மிச்சம் என்றாள் ரோஸ்லீன்.
எனக்கு மட்டும் ராத்திரியில் யோசனை ஓடும்,
வராதது எங்கே போய்ச் சேருகிறது?
அடிவயிற்றைத் தட்டிக் காது கொடுப்பேன்,
தண்ணீர்த் தொட்டியைத் தட்டிப் பார்ப்பதுபோல.
ஃப்ளோரிஸ் திரும்பிப் படுப்பான்.

விழுந்தது ஏணியிலிருந்து அல்ல.
ஜூலை மாதம், மலையெல்லாம் வெள்ளை,
வாசற்படியில் உறைபனி.
குழந்தை விழுந்தால் சிரித்துவிட்டு எழுந்து ஓடுகிற உயரம்.
கையை ஊன்றினேன்.
கிளை முறிகிற சத்தம்.
கத்தரிக்கும் காலமல்லவா,
தோப்பிலிருந்து வந்ததென்றே முதலில் நினைத்தேன்.

வூஸ்டர் ஆஸ்பத்திரியில்
டாக்டர் மாகாஸா என்னைவிடச் சின்னவள்.
படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
வயசைக் கேட்டாள்,
மறுபடி படத்தைப் பார்த்தாள்.
மருந்து ஏதும் எடுக்கிறாயா?
இல்லை.
ஊசி?
ஓ, அதுவா.
எத்தனை வருஷமாய்?
பேனா நின்றுவிட்டது.

"அது எலும்பை மெலிய வைக்கும்.
நிறுத்தினால் பெரும்பாலும் தேறிவிடும், பயப்படாதே.
ஒடிந்ததற்கு அதுதான் காரணமென்று நான் சொல்ல முடியாது.
ஆனால் இரண்டு வருஷம் தாண்டினால்
உட்காரவைத்துப் பேச வேண்டும்.
யாரும் பேசவில்லையா?"

உட்காரவைத்து, என்றாள்.
அந்த வேனில் நாற்காலியே இல்லை.

தெரிந்திருந்தால் வேண்டாமென்றிருப்பேனா?
சம்பள நாள் வெள்ளிக்கிழமைகளை நினைத்தால்,
கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வரும் ஃப்ளோரிஸை நினைத்தால்,
ஒருவேளை அப்போதும் கையை நீட்டியிருப்பேன்.
ஆனால் அது நான் நீட்டிய கையாக இருந்திருக்கும்.

அடுத்த புதன்,
மாவுக்கட்டோடு போய் வரிசையில் நின்றேன்.
அப்பொல்லிஸ்.
சிஸ்டர் பஞ்சை எடுத்தாள்.
பலகை எங்கே என்று கேட்டேன்.
"எந்தப் பலகை?"
பேரிக்காய்க்கு மாட்டுவார்களே, அது.
அடித்த மருந்து என்ன,
எத்தனை நாளைக்கு என்ன ஆகும்,
இரண்டு மொழியில்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.
அவள் பஞ்சையே பார்த்தாள்,
அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி.
அப்புறம் டிரைவரைப் பார்த்து
அதை அணை என்றாள்.

எனக்குப் பின்னால் ரோஸ்லீன்
ஒரு கை வெளியே, ஒரு கை உள்ளே நின்றிருந்தாள்.
வண்டிச் சத்தம் நின்றதும்
மெதுவாக
வெளியிலிருந்த கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டாள்.

குளிராகக்கூட இருக்கலாம்.